ஒரு மணி அடித்தால் சுகம்

என் மச்சானை ஒரு வெள்ளைக்காரி பிடித்து வைத்துக்கொண்டாள் என்று நான் மனப்பூர்வமாக நம்பினேன். சும்மா ஒரு சந்தேகம்தான் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. அவளுடைய முடி நிறம் வரைக்கும் நான் முடிவு செய்திருந்தேன். மத்தியதரைக் கடலில் ஒரு தீவு, தீவில் ஒரு டிஸ்கோ, டிஸ்கோவில் ஒரு செம்பட்டை முடிக்காரி, அவள் காலடியில் ஓசூரில் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்த என் மச்சான். இந்தப் படத்தை நானே எடுத்து, நானே ஓட்டி, நான் ஒருவனே உட்கார்ந்து பார்த்து, தினமும் வியர்த்துக்கொண்டிருந்தேன்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்ட வீட்டில் அவனைக் குளிப்பாட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி, ஐடிஐ வரைக்கும் கொண்டுவந்து விட்டது இவள்தான். நான் பெண் பார்க்கப் போனபோது அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியமே, "என் தம்பியும் கூட வருவான்" என்பது. வந்தான். நான் மெஷினில் அச்சு மாட்டுகிற டூல் செட்டராக இருந்த தொழிற்சாலையில், அதே பிரஸ் ஷாப்பில், காண்ட்ராக்டில் சேர்ந்தான்.

பிரஸ் ஷாப் என்பது தகட்டை அச்சில் வைத்து ஒரே அடியில் வளைக்கிற இடம். அடி விழும்போது தரை எழும்பி இறங்கும். அதிர்வு பல்லில் தெரியும். பக்கத்தில் நிற்பவன் அடித்தொண்டையிலிருந்து கத்தினாலும் கேட்காது. அதனால் நாங்கள் கையால் பேசுவோம். கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்தால் டீ. மீசையை முறுக்கினால் சூப்பர்வைசர் வருகிறார். எங்கள் சூப்பர்வைசருக்கு மீசை கிடையாது, அதுதான் அதில் உள்ள மரியாதை. இரண்டு கை முஷ்டியையும் குறுக்கே வைத்தால் மெஷின் நின்றுவிட்டது. 'கேட்கவில்லை' என்பதற்கு மட்டும் எங்களிடம் சைகை இல்லை. அங்கே யாருக்கும் எதுவும் கேட்காது என்பதால், அதைத் தனியாக ஒருவன் சொல்லவேண்டிய அவசியம் வந்ததில்லை. காதில் வைக்க மஞ்சள் பஞ்சு கொடுப்பார்கள். வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வோம். அச்சில் கோளாறு என்றால் கண்ணுக்கு முன்னால் காதுக்குத்தான் தெரியும், பஞ்சு வைத்தவன் பிரஸ்காரன் இல்லை என்று எங்களுக்குள் ஒரு கௌரவம்.

ஆர்டர் குறைந்தபோது காண்ட்ராக்ட் ஆட்களை நிறுத்திவிட்டார்கள். மச்சான் கொஞ்ச நாள் என் ஷூவைப் போட்டுக்கொண்டு வேலை தேடினான். பிறகு பாகலூர் ரோட்டில் ஒரு மாடியறையில் இருந்த ஏஜென்ட் கண்ணில் பட்டான். ஏஜென்ட்டின் நாற்காலிக்குப் பின்னால் நீலக் கடலும் வெள்ளை வீடுகளும் உள்ள பெரிய படம். துணைக்குப் போயிருந்த நான், அந்தப் படத்துக்குள் நின்றுகொண்டுதான் அவர் பேசுவதாக நினைத்தேன்.

"சைப்ரஸ் சார். தீவு. லீவுக்கு வர வெள்ளக்காரங்க ஆட்டம் போடற ஊரு. நம்ம தம்பிக்கு கிளப்புல வேல. கிளாஸ் பொறுக்கணும், தர தொடைக்கணும். மத்தவன் ஆடுவான், இவரு பக்கத்துல நிப்பாரு. அவ்ளோதான்."

வீட்டில் இவள் கடலுக்குப் பயந்தாள், குடிக்குப் பயந்தாள். நான் தைரியம் சொன்னேன். "பிரஸ் ஷாப்புல நின்ன காதுக்கு டிஸ்கோல்லாம் தாலாட்டுடி."

"காதப் பத்தி யாருங்க கேட்டது? அவன் கண்ணப் பத்திதான் எனக்கு பயம்."

போய்ச் சேர்ந்தான். அப்போது எங்கள் வீட்டில் டிவி ஸ்டாண்டின் மேல், குரோஷா உறை போட்ட ஒரு போன். அவன் தங்கியிருந்த இடத்தின் நடையில் சுவரோடு ஒரு கார்டு போன். வெளிநாட்டுப் பேச்சு என்ன விலை என்பது தெரிந்த எல்லாக் குடும்பங்களையும்போல நாங்களும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். தினமும் மத்தியானம் மூன்று மணி சுமாருக்கு, அவன் தூங்கி எழுகிற நேரத்தில், ஒரு மணி அடித்துவிட்டு வைத்துவிடுவான். ஒரு மணி என்றால் சுகம், யாரும் எடுக்கக் கூடாது. விடாமல் அடித்தால் பேசவேண்டியிருக்கிறது, எடுக்க வேண்டும்.

எனக்குக் காலை ஷிப்ட், மூன்று மணிக்கு வீட்டில் இருப்பேன். இவள் தேன்கனிக்கோட்டை ரோட்டில் ரோஜாப் பண்ணையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். சாயங்காலம் வேனிலிருந்து இறங்கி, முள் கீறிய கையைக்கூடக் கழுவாமல் வாசலிலேயே கேட்பாள்.

"அடிச்சானா?"

"அடிச்சான்."

அதன் பிறகுதான் செருப்பைக் கழற்றுவாள்.

முதல் மாதங்களில் எப்போதாவது விடாமல் அடிப்பான். எடுத்தால் ஒரே கதை. "மாமா, இங்க மேல இருந்து சோப்பு நுரைய பீச்சி, அதுக்குள்ள ஆடறாங்க."

"ஏன்டா, துணி தொவைக்க நேரமில்லயா அவங்களுக்கு?"

"பக்கெட்டுல சரக்க ஊத்தி, நாலு பேரு நாலு ஸ்ட்ரா போட்டு குடிக்கறாங்க மாமா."

"மாட்டுக்கு தண்ணி காட்டற மாதிரின்னு சொல்லு."

முதல் வாரமே ஒரு காரியம் பண்ணியிருக்கிறான். ஆட்டம் சூடு பிடித்த நேரத்தில் மேடைக்கு அடியிலிருந்து குபுகுபுவென்று புகை. எங்கள் தொழிற்சாலையில் புகையைப் பார்த்தால் யாரையும் கேட்கக் கூடாது, பக்கத்தில் இருக்கிற சிவப்புப் பட்டனை அடிக்க வேண்டும் என்று எங்களுக்குப் பழக்கி வைத்திருந்தார்கள். இவன் தாவிப்போய்ச் சுவரில் இருந்த சிவப்புப் பட்டனை அடித்துவிட்டான். பாட்டு, லைட், பீர் மெஷின் எல்லாம் போச்சு. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நீச்சல் உடையில் இருந்த கூட்டத்தை இரண்டு கையாலும் ஓட்டிக்கொண்டுபோய் வெளியே கார் நிறுத்துமிடத்தில் வரிசையாக நிற்க வைத்து, தலை எண்ணத் தொடங்கியிருக்கிறான். அவர்களும் இது ஏதோ புது விளையாட்டு என்று நினைத்து நின்றிருக்கிறார்கள். புகை, அங்கே ஆட்டத்துக்காக மெஷின் வைத்து விடுகிற புகையாம்.

"மொதலாளி சிரிச்சிட்டாரு மாமா. அப்புறம் என்னைய ஸ்பீக்கர்கிட்ட கிளாஸ் ரேக்குல போட்டுட்டாங்க. அங்க பட்டன் எதுவும் இல்ல." ஸ்பீக்கர் நம் வீட்டு பீரோவைவிடப் பெரிது என்றான். "நம்ம பெரிய பிரஸ்ஸு மாதிரியே நெஞ்சுல இடிக்குது மாமா. நம்மூரு ஞாபகமாவே இருக்கு."

அங்கேயும் கத்தினால் கேட்காது என்பதால், கவுண்டரில் ஊற்றிக் கொடுக்கிறவர்களுக்கு எங்கள் பிரஸ் ஷாப் சைகைகளைச் சொல்லிக்கொடுத்துவிட்டான். மீசையை முறுக்கினால் முதலாளி வருகிறார் என்று தீவு முழுக்கத் தெரிந்துவிட்டதாம். டீக்கு உள்ள சைகையை மட்டும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை, அது அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது, வேறு அர்த்தத்தில்.

ஆகஸ்டு பாதியில் மணி மாறியது.

ஒரு நாள் மூன்று முறை அடித்து நின்றது. ஒன்றுமில்லை, கை தவறியிருக்கும். மறுநாள் விடாமல் அடித்தது. ஓடிப்போய் எடுத்தேன். "சொல்றா மச்சான்." பதில் இல்லை. யாரோ மூச்சு விடுவது கேட்டது. மூக்கடைப்போடு விடுகிற அவன் மூச்சுதான், எனக்குத் தெரியும், எட்டு வருடம் ஒரே கூடத்தில் படுத்தவன். "டேய், நான்தான், பேசு." மூச்சு. வைத்துவிட்டான்.

அடுத்த நாள் இரண்டு மணி அடித்து நின்றது. அதற்கடுத்த நாள் அரை மணி, பூனை மிதித்த மாதிரி ஒரு சத்தம். அதற்கடுத்த நாள் மறுபடி விடாமல் அடித்து, எடுத்தால் மூச்சு.

ஒரு மணி என்றால் சுகம் என்று பேசி வைத்த நாங்கள், இரண்டு மணிக்கு என்ன அர்த்தம் என்று பேசி வைக்கவில்லை. அதை நான் கண்டுபிடிக்கத் தொடங்கினேன். இரண்டு மணி என்றால் பக்கத்தில் ஆள் இருக்கிறது. மூன்று என்றால் கட்டிப்போட்டிருக்கிறார்கள். விடாமல் அடித்து மூச்சு மட்டும் வந்தால், அவன் கழுத்தில் அவள் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். 'அவள்' என்று ஏன் வந்தது என்று கேட்கக் கூடாது. ஏஜென்ட் கொடுத்திருந்த விளம்பரப் புத்தகத்தின் அட்டையில் ஒரு செம்பட்டை முடிக்காரி கிளாஸில் குடை சொருகிக் குடித்துக்கொண்டிருந்தாள், எனக்குத் தெரிந்த ஒரே தீவுக்காரி அவள்தான்.

"அடிச்சானா?"

"அடிச்சான்."

"ஒரு மணிதானே?"

"ஒரே ஒரு மணி. சுத்தமா."

செருப்பைக் கழற்றினாள். பொய்யை மறைக்க, வெள்ளைக்காரி மருமகளாக வந்தால் களிக்கு ஸ்ட்ரா போட்டுத் தரவேண்டியிருக்கும் என்று ஒரு ஜோக் அடித்தேன். சிரித்தாள். அன்று ராத்திரிச் சோற்றை நான் பாதியில் வைத்துவிட்டதை அவள் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

பிறகு ஒரு நாள் மணி அடிக்கவே இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மூன்றிலிருந்து ஐந்து வரைக்கும் போனுக்கு எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன். ரிசீவரைத் தூக்கி டயல் டோன் வருகிறதா என்று பார்ப்பேன். பார்க்கிற அந்த நொடியில் அவன் அடித்திருந்தால் என்று பதறி வைப்பேன். வைத்தது சரியாக உட்கார்ந்ததா என்று மறுபடி தூக்கிப் பார்ப்பேன். குரோஷா உறை மணியை அமுக்குகிறதோ என்று அதைக் கழற்றி, அதற்குச் சாக்காக அதைத் துவைத்தும் போட்டேன். கல்யாணமான நாளிலிருந்து நான் துவைத்த ஒரே துணி அது. இவள் கொடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அடிச்சானா?"

"அடிச்சான்" என்றேன்.

ஏஜென்ட்டிடம் போனேன். அறையில் நாலைந்து பையன்கள் பாஸ்போர்ட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். "என் மச்சானக் காணோம்" என்று நான் வாயைத் திறந்ததும் அவர் எழுந்து என் தோளில் கை போட்டு மாடிப்படிக்குக் கூட்டிவந்துவிட்டார்.

"சார், கஸ்டமர் முன்னாடி காணோம்னுலாம் சொல்லாதீங்க. அங்க யாரும் காணாம போவ மாட்டாங்க சார், அது தீவு. எந்தப் பக்கம் நடந்தாலும் கடலுதான்."

"அதான் சார் என் பயமே."

அவருக்கு முகம் மாறியது. "நான் அந்த ஊரப் பாத்ததே இல்ல சார்" என்றார் மெதுவாக. "அந்தப் படமே ஒரு பெயின்ட் கடை காலண்டரு." கிளப் ஆபீஸ் நம்பர் ஒன்றை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

கூப்பிடுவதற்கு முன்னால், அப்படிப்பட்ட இடத்தில் வேலை செய்கிறவனுக்கு என்னென்ன ஆகக்கூடும் என்று தெரிந்துகொள்வது நல்லது என்று என் மூளை சொன்னது. அந்த மூளை அப்போது எந்த நிலையில் இருந்தது என்பதை நீங்கள் ஊகிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஸ் ஏறி எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்குப் போனேன். கர்நாடகத்துச் சரக்குக்காக நம்மூர்க்காரர்கள் போகிற பார்களில், மாடியில் கலர் பல்பு சுற்றுகிற ஒன்றாகப் பார்த்து நுழைந்தேன். மத்தியானத்திலேயே பாட்டு சுவரைத் தள்ளிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கர் ஓரமாக நின்றிருந்த, என் வயதுக்கார சர்வர் வந்தார். ஆரஞ்சு ஜூஸ் சொன்னேன்.

"ஏனு சார்?" என்றார் கன்னடத்தில், என்ன சார் என்று.

மறுபடி சொன்னேன். குனிந்து காதை என் வாயருகே கொண்டுவந்து, "ஏனு?" என்றார். எனக்குத் தெரிந்த கன்னடத்தில், இந்தத் தொழிலில் ஆபத்து என்னவென்று கேட்டேன். "ஏனு?" முதலாளிகள் ஆட்களை அடைத்து வைப்பார்களா என்று கேட்டேன். என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, போய் ஒரு பீர் கொண்டுவந்து வைத்தார். பார் ஆட்கள் வாயைத் திறக்கக் கூடாது என்று உலகம் முழுக்க ஒரு கட்டளை இருக்கிறது என்ற முடிவோடு நான் ஊர் திரும்பினேன். பீரைத் தொடவில்லை. ஒருவேளை குடித்திருந்தால் புத்தி தெளிந்திருக்கும்.

மறுநாள் எங்கள் தெருமுனையில் எஸ்டிடி பூத் வைத்திருந்த பாய், சீட்டில் இருந்த எழுத்தை என் கை வியர்வை அழிப்பதற்குள் நம்பரைப் போட்டுக் கொடுத்தார். கண்ணாடிக் கூண்டுக்குள் நான். மறுமுனையில் எடுத்தது ஒரு பெண் குரல். வெள்ளைக்காரக் குரல்.

முடிந்தது, அவளேதான் என்று நினைத்தேன். முடி நிறம் கேட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. என் இங்கிலீஷில் மச்சான் பேரைச் சொல்லி, "ஐ சிஸ்டர் ஹஸ்பெண்ட்" என்றேன். அவளுக்கு எதுவோ புரிந்து, போனை எங்கோ வைத்துவிட்டு அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கூடம் பெரிது போலிருக்கிறது, எதிரொலி கேட்டது. கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். திரும்பி வந்தாள். அங்கேதான் நிற்கிறான், கூப்பிடுகிறேன், திரும்பியே பார்க்கவில்லை என்பதுதான் அவளுடைய இங்கிலீஷிலிருந்து எனக்குத் தேறியது. பிறகு யாரோ அவளை அழைத்தார்கள், வைத்துவிட்டாள்.

கூண்டிலிருந்து வெளியே வந்தேன்.

"என்னா ஆச்சு, ஆளு இருக்காரா?" என்றார் பாய்.

"இருக்கான் பாய்."

"அல்ஹம்துலில்லாஹ். அப்புறம் எதுக்கு மூஞ்சி இப்படி?"

"கூப்ட்டா திரும்பிப் பாக்கலயாம்."

பாய் மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு பெஞ்சை இழுத்துப்போட்டு, "உக்காருங்க, டீ சொல்றன்" என்றார்.

அதுவரை அவன் உயிரோடு இருக்கிறானா என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். இப்போது இருக்கிறான் என்று தெரிந்தும் பயம் குறையவில்லை. அக்கா வீட்டிலிருந்து போன் என்று தெரிந்தும் திரும்பாமல் நிற்கிறான் என்றால், இதை நான் இவளிடம் எந்த வாயால் சொல்வது? கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்றால்கூட ஒரு ஆறுதல் இருந்தது. அந்த பெஞ்சில் உட்கார்ந்து, அவனை யாராவது கட்டிப்போட்டிருக்கக் கூடாதா என்று நான் வேண்டிக்கொண்டது உண்மை.

அன்று வழியில் காட்டு யானை ரோட்டுக்கு வந்துவிட்டதென்று பண்ணை வேன் தாமதம். இவள் வந்தபோது இருட்டிக்கொண்டிருந்தது. நான் யானையை வைத்து ஒரு ஜோக் தயாராக வைத்திருந்தேன்.

"அடிச்சானா?" என்றாள்.

"அடிச்சான். யானைக்குக்கூட வழி கேட்டு..."

"எத்தன நாளா அடிக்கல?"

என் கண் போன் பக்கம் போனது.

"ஒண்ணுமில்லன்னா நீங்க இவ்ளோ காமெடி பண்ண மாட்டீங்க. போனுக்கு சட்டைய கழட்டி தொவைச்சப்பவே தெரியும். நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துகிட்டு இருந்தன்." செருப்போடு வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். "என் தம்பி இருக்கானா இல்லயா, அத மட்டும் சொல்லுங்க."

சொன்னேன். பெண் குரல், கூப்பிட்டது, திரும்பாதது. முழுவதும் கேட்டாள். அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். கையில் ஏறியிருந்த ஒரு முள்ளை நகத்தால் எடுத்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன தப்பு பண்ணன் நானு?" என்றாள். என்னிடம் கேட்கவில்லை.

அன்றைக்குப் பிறகு வாசலில் அவள் எதுவும் கேட்கவில்லை. நேராக உள்ளே வந்து சமைப்பாள். மூன்று மணிக்கு நான் மட்டும் ஸ்டூலில் உட்கார்வேன். போன் ஊமையாக இருக்கும். சீசன் முடிந்து டிக்கெட் போட்டுவிட்டார்கள், வெள்ளிக்கிழமை காலை பெங்களூரில் இறங்குகிறான் என்று ஏஜென்ட் வந்து சொல்லும்வரை இப்படியே போனது. சொல்லிவிட்டு அவர், "காணோம்னு சொன்னீங்களே சார்" என்று என்னையே குற்றம் சொல்லிவிட்டுப் போனார்.

விமான நிலையத்துக் கம்பித் தடுப்பில் சாய்ந்துகொண்டு நின்றோம். நான் அவனுக்குப் பின்னால் ஒரு செம்பட்டை முடி வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன். இல்லை. கறுத்து, இளைத்து, தனியாக வண்டி தள்ளிக்கொண்டு வந்தான்.

"தம்பி" என்று கூப்பிட்டாள்.

பத்தடி தூரம்தான். திரும்பவில்லை. "டேய் தம்பி" என்று இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள். பக்கத்தில் நின்ற டாக்ஸிக்காரர்களெல்லாம் திரும்பினார்கள், அவன் திரும்பவில்லை. எங்களைக் கடந்தே போய்விட்டான். இவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போன் கூண்டில் எனக்கு வந்த அதே வலி அவள் முகத்தில் அப்படியே வருவதைப் பார்த்தேன்.

நான் தடுப்புக்கு அடியில் குனிந்து உள்ளே ஓடினேன். காவலர் கத்தினார். அவனுக்கு எதிரில் போய் நின்று, என்ன பேசுவதென்று தெரியாமல், வழக்கத்தில் கை தானாக எழுந்து மீசையை முறுக்கியது.

நின்றான். சிரித்தான். பிறகு சிரிப்பு போய்விட்டது. வண்டியை விட்டுவிட்டு, ஒரு விரலால் தன் காதைக் காட்டி, இரண்டு முஷ்டியையும் குறுக்கே வைத்தான். மெஷின் நின்றுவிட்டது.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் இவள் அவனுடைய இடது பக்கம் உட்கார்ந்து, காதோடு வாய் வைத்துக் கத்திப் பேசினாள். அவனும் கத்தித்தான் பதில் சொன்னான், தான் கத்துவது அவனுக்குத் தெரியவில்லை. அத்திப்பள்ளி தாண்டும்வரை பஸ் முழுக்க எங்கள் குடும்ப விஷயத்தைக் கேட்டுக்கொண்டு வந்தது.

"ஏன்டா போன் பண்ணல?"

"பண்ணன்க்கா. தெனமும் பண்ணன். காதுக்குள்ள மணி அடிச்சிகினே இருக்குதுக்கா, நிக்கவே மாட்டேங்குது. போன்ல அடிக்கறது எது, காதுல அடிக்கறது எதுன்னு தெரியல. ஒரு மணி ஆயிருக்கும்னு நெனச்சி வெச்சிடுவன். அப்புறம் அதுவும் சரியா வெக்கறனான்னு தெரியல, நீங்க பயந்துக்கப் போறீங்கன்னு விட்டுட்டன்."

ஓசூரில் காது டாக்டர் பார்த்தார். வலது காது போய்விட்டது, இடது பாதி. பிரஸ் ஷாப் தொடங்கி வைத்ததை ஸ்பீக்கர் முடித்திருக்கிறது என்றார். வெள்ளைக்காரி யாரும் இல்லை. போனை எடுத்தவள் அந்த கிளப்பில் தரை துடைக்கிற ஒரு அம்மா, வயது அறுபதுக்கு மேலாம். மச்சான் இப்போதும் எங்களோடுதான் இருக்கிறான், அந்த மணியும் நிற்கவில்லை.